தொடக்ககாலச் செயற்கை அசோ சாயங்கள்

அசோ சாயங்கள் என்பவை, இரண்டு நைட்ரசன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்த அசோ தொகுதியைத் தம் மூலக்கூறில் கொண்ட செயற்கைச் சாயங்கள் ஆகும். இத்தொகுதியின் இருபுறமும் பென்சீன், நாப்தலீன் போன்ற அரோமாட்டிக் வளையங்கள் அமைந்திருக்கும். துணி, தோல், காகிதம், உணவு, அச்சு மை ஆகியவற்றுக்கு இன்று பயன்படும் செயற்கைச் சாயங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையைச் சேர்ந்தவை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் இவற்றின் பயன்பாடு மிக அதிகம்.

1858-இல் பீட்டர் கிரீஸ் கண்டறிந்த டையசோ சேர்மங்களே இச்சாயங்களின் தொடக்கம். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குள் இவை ஐரோப்பியச் சாயத் தொழிலின் முதன்மைப் பொருளாயின. அசோ சாயத்தை உருவாக்க இரண்டு எளிய படிகள் போதும். அதே நைட்ரசன் பிணைப்பில் அதை மீண்டும் பிளப்பதும் எளிது. தொழில் இரகசியங்கள் வெளியானதும், ஒரு புதிய மருந்து வகை கிடைத்ததும், சில சாயங்கள் பிற்காலத்தில் தடை செய்யப்பட்டதும் இந்த எளிமையின் விளைவுகளே.

பெயர்க்காரணம்

பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே நைட்ரசனுக்கு 'அசோட்' என்று பெயரிட்டார். உயிர் வாழ உதவாத வளி என்பது இதன் கிரேக்க மூலப் பொருள். அச்சொல்லின் முற்பகுதியே 'அசோ' ஆயிற்று. இரண்டு நைட்ரசன் அணுக்களைக் குறிக்க 'டை' என்ற முன்னொட்டைச் சேர்த்து டையசோ சேர்மங்கள் என்ற பெயரைக் கிரீஸ் வழங்கினார்.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சாயங்கள் செடிகளிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் கிடைத்தன. நீலத்துக்கு அவுரியும் சிவப்புக்கு மஞ்சிட்டி இனச் செடிகளின் வேரும் பயன்பட்டன. தமிழகக் கடற்கரைப் பகுதிகளில் விளைந்த சாயவேர் இவ்வகையில் பெயர் பெற்றது. உயர்ந்த கருஞ்சிவப்பு நிறம் மெக்சிகோவிலும் கேனரித் தீவுகளிலும் கள்ளிச் செடிகளில் வளர்க்கப்பட்ட கொச்சினீல் பூச்சியிலிருந்து கிடைத்தது.

1856-இல் இலண்டனில் 18 வயது மாணவரான வில்லியம் ஹென்றி பெர்கின், கொயினா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது ஊதா நிறப் பொருள் ஒன்றைப் பெற்றார். மாவீன் எனப்பட்ட அச்சாயம் நிலக்கரித்தாரிலிருந்து பெறப்படும் அனிலீனை ஆக்சிசனேற்றம் செய்து தயாரிக்கப்பட்டது. அதன் வெற்றி ஐரோப்பா முழுவதும் அனிலீன் சாய ஆலைகள் தோன்ற வழிவகுத்தது.

மாவீன் ஓர் அசோ சாயம் அன்று. அக்காலத்தில் எந்தச் சாயத்தின் உள்ளமைப்பும் எவருக்கும் தெரியாது. அனிலீனுடன் வெவ்வேறு வேதிப்பொருள்களைச் சேர்த்துச் சூடாக்கி, நிறம் வருகிறதா என்று பார்ப்பதே அன்றைய முறையாக இருந்தது. தற்செயலே பெரும்பாலான கண்டுபிடிப்புகளுக்குக் காரணமாயிற்று. இந்நிலையை மாற்றியவை அசோ சாயங்கள்.

கிரீஸின் கண்டுபிடிப்பு

யோகான் பீட்டர் கிரீஸ் 1829-இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் பிறந்தார். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் கோல்பேயின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, பிக்ரமிக் அமிலத்தின் கரைசலில் நைட்ரசு அமில வாயுக்களைச் செலுத்தினார். அரோமாட்டிக் அமீன்களில் உள்ள அமினோ தொகுதி இவ்வினையில் நீங்கி, அதன் இடத்தில் ஐதராக்சில் தொகுதி அமையும் என்பதே அன்று அறியப்பட்டிருந்தது. கிரீஸ் கரைசலைக் குளிர்ந்த நிலையில் வைத்திருந்தார். நைட்ரசன் வெளியேறவில்லை, மாறாக, கூடுதலாக ஒரு நைட்ரசன் அணு மூலக்கூறில் சேர்ந்திருந்தது. இதுவே முதல் டையசோ சேர்மம். இதைப் பற்றிய அவரது குறிப்பு 1858-இல் வெளிவந்தது.

அதே ஆண்டு, இலண்டன் அரச வேதியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆகஸ்ட் வில்லெம் ஹாஃப்மன் கிரீஸைத் தம் உதவியாளராக அழைத்துக்கொண்டார். 1862-இல் கிரீஸ் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரிலிருந்த ஆல்சாப் பீர் ஆலையில் வேதியியலாளராகச் சேர்ந்தார். 1888-இல் இறக்கும் வரை அவரது பணி பீர் ஆலையைச் சார்ந்ததாகவே இருந்தது. சாயத் தொழிலின் அடித்தளமான டையசோ ஆய்வுகளில் பெரும்பகுதியை அவர் அவ்வேலைக்கிடையே தொடர்ந்து செய்தார்.

இரு படி வினை

அசோ சாயத் தயாரிப்பு இரண்டு படிகளைக் கொண்டது.

முதற்படி டையசோ ஆக்கல் ஆகும். அனிலீன் போன்ற முதல்நிலை அரோமாட்டிக் அமீனை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டியால் 0 முதல் 5 பாகை செல்சியசு வரை குளிர்வித்து, சோடியம் நைட்ரைட்டுக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலமும் நைட்ரைட்டும் சேர்ந்து நைட்ரசு அமிலத்தைத் தருகின்றன. அது அமீனுடன் வினைபுரிந்து டையசோனியம் உப்பை உருவாக்குகிறது. வெப்பநிலை உயர்ந்தால் இவ்வுப்பு சிதைந்து நைட்ரசன் வாயு வெளியேறும், எஞ்சுவது பீனால். உலர்ந்த நிலையில் பல டையசோனியம் உப்புகள் வெடிக்கக்கூடியவை. எனவே அவை பொதுவாகப் பிரித்தெடுக்கப்படாமல் குளிர்ந்த கரைசலாகவே அடுத்த படிக்குச் செல்கின்றன.

இரண்டாம் படி இணைப்பு வினை ஆகும். டையசோனியம் அயனியின் நைட்ரசன் முனை நேர்மின் தன்மை உடையது. எலக்ட்ரான் செறிவு மிகுந்த வளையங்களையே அது தாக்கும். பீனால், நாப்தால், அரோமாட்டிக் அமீன் ஆகியவை அத்தகைய வளையங்களைக் கொண்டவை. பீனாலிலும் அமீனிலும் பெரும்பாலும் பாரா இடத்தில் இணைப்பு நிகழ்கிறது. பீட்டா நாப்தாலில் ஐதராக்சில் தொகுதிக்கு அடுத்துள்ள முதலாம் இடத்தில் நிகழ்கிறது. பீனால்களுடன் இணைக்கும்போது கரைசல் மென்காரமாகவும், அமீன்களுடன் இணைக்கும்போது மென்அமிலமாகவும் இருக்க வேண்டும். காரம் மிகுந்தால் டையசோனியம் அயனி வினைத்திறனை இழந்துவிடும்.

முதற்படியில் அமிலம் தேவையைவிடக் கூடுதலாகச் சேர்க்கப்படுவதற்குக் காரணம் உண்டு. அமிலம் குறைந்தால், புதிதாக உருவான டையசோனியம் உப்பு இன்னும் வினைபுரியாத அமீனுடனேயே இணைந்துவிடும். முதல் அசோ சாயங்கள் இப்படித்தான் பிறந்தன. இரண்டு தனித்தனி வினைகள் நிகழ்கின்றன என்பதைத் தயாரித்தவர்கள் அப்போது அறிந்திருக்கவில்லை.

முதல் சாயங்கள்

1860-களின் தொடக்கத்தில் அனிலீன் மஞ்சள் விற்பனைக்கு வந்தது. இது பாரா அமினோ அசோபென்சீன். அனிலீனில் ஒரு பகுதி மட்டும் டையசோனியம் உப்பாக மாறி, எஞ்சிய அனிலீனுடன் சேர்ந்து, பின் மூலக்கூறு மாற்றியமைவு அடைந்து இச்சாயம் உருவாகிறது. நிறம் நன்றாக இருந்தாலும் துணியில் இது நிலைக்கவில்லை. பின்னாளில் வேறு சாயங்களைத் தயாரிக்கும் இடைப்பொருளாகவே மிகுதியும் பயன்பட்டது.

அடுத்து வந்தது, மான்செஸ்டரில் ராபர்ட்ஸ், டேல் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் அலெக்சாண்டர் மார்ட்டியஸ் உருவாக்கிய பழுப்புச் சாயம். மெட்டா பினைலீன் டைஅமீனுடன் நைட்ரசு அமிலம் வினைபுரிந்து இது உண்டாகிறது. மான்செஸ்டர் பழுப்பு என்றும் பிஸ்மார்க் பழுப்பு என்றும் இது அழைக்கப்பட்டது. பின்னர் ஜெர்மனி திரும்பிய மார்ட்டியஸ், இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டெல்சோனின் மகனான பவுல் மெண்டெல்சோன் பார்தால்டியுடன் சேர்ந்து பெர்லினுக்கு அருகில் சாய ஆலையைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஆக்ஃபா எனப் பெயர் பெற்ற நிறுவனம்.

இதற்கிடையில் கோட்பாடு முன்னேறியது. 1865-இல் ஆகஸ்ட் கெக்குலே பென்சீனின் வளைய அமைப்பை முன்மொழிந்தார். மறு ஆண்டு, டையசோ சேர்மங்களில் இரண்டு நைட்ரசன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்ற அமைப்பை அளித்தார். 1870-இல் கெக்குலேயும் அவருடன் பணியாற்றிய ஹிடெக்கும் டையசோ பென்சீனைப் பீனாலுடன் இணைத்து ஐதராக்சி அசோபென்சீனைப் பெற்றனர். ஒரு சேர்மத்திலிருந்து டையசோனியம் உப்பைத் தயாரித்து, முற்றிலும் வேறொரு சேர்மத்துடன் அதை இணைக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. ஆலைகள் இதன் முழுப் பயனை உணர மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

விட்டின் கணிப்பு

இலண்டனுக்கு அருகிலுள்ள பிரென்ட்ஃபோர்டில் ஒரு சாய ஆலையில் வேலை பார்த்த ஓட்டோ நிக்கோலஸ் விட், அறியப்பட்ட அசோ சாயங்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். அசோபென்சீன் நிறமுடையது, ஆனால் துணியில் ஏறாது. ஓர் அமினோ தொகுதி சேர்ந்த அனிலீன் மஞ்சள், மஞ்சள் நிறச் சாயம். மூன்று அமினோ தொகுதிகள் கொண்டதாக அன்று கருதப்பட்ட பிஸ்மார்க் பழுப்பு, பழுப்பு நிறச் சாயம். இரண்டு அமினோ தொகுதிகள் கொண்ட சேர்மம் இவ்வரிசையில் இல்லை. அது கிடைத்தால் இடைப்பட்ட செம்மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும் என்று விட் கணித்தார். டையசோ பென்சீனை மெட்டா பினைலீன் டைஅமீனுடன் இணைத்தபோது எதிர்பார்த்த செம்மஞ்சள் சாயமே கிடைத்தது. கிரிசாய்டின் எனப்பட்ட இதனை, ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஹைன்ரிச் காரோவும் 1875-இல் தனியாகக் கண்டறிந்திருந்தார்.

பிஸ்மார்க் பழுப்பின் முதன்மைக் கூறு இரண்டு அசோ தொகுதிகளைக் கொண்ட பெரிய மூலக்கூறு என்று பின்னர் தெரியவந்தது. விட்டின் வரிசையில் ஓர் உறுப்பு தவறானது. ஆயினும், அமைப்பைக் கொண்டு நிறத்தை முன்கூட்டியே சொல்ல முடியும் என்ற அவரது அடிப்படைக் கருத்து நிலைத்தது.

1876-இல் விட் தம் நிறக் கோட்பாட்டை வெளியிட்டார். அதன்படி, ஒரு சேர்மம் சாயமாவதற்கு இரண்டு தேவை. ஒன்று, நிறத்துக்குக் காரணமான நிறந்தாங்கி. இங்கு அது அசோ தொகுதி. மற்றொன்று, நிறத்தை மிகுவித்து இழையுடன் பிணைய உதவும் நிறப்பெருக்கி. அமினோ, ஐதராக்சில் தொகுதிகள் இத்தகையவை. அசோபென்சீனில் நிறப்பெருக்கி இல்லாததால் அது சாயமாவதில்லை.

இன்றைய விளக்கம் எலக்ட்ரான்களை அடிப்படையாகக் கொண்டது. அசோ தொகுதி இரண்டு வளையங்களையும் ஒரே தொடராக இணைக்கிறது. எலக்ட்ரான்கள் அத்தொடர் முழுவதும் பரவுகின்றன. ஒரு முனையில் அமினோ போன்ற எலக்ட்ரான் வழங்கும் தொகுதி சேர்ந்தால், மூலக்கூறு உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் கூடி, கட்புலனாகும் பகுதிக்குள் வருகிறது. நீல ஒளியை உறிஞ்சும் பொருள் மஞ்சளாக அல்லது செம்மஞ்சளாகத் தெரியும். பச்சை ஒளியை உறிஞ்சுவது சிவப்பாகத் தெரியும். தொடர் நீளும்போது நிறம் ஊதா, நீலம் நோக்கி நகர்கிறது. பென்சீனுக்குப் பதிலாக நாப்தலீன் வளையத்தைச் சேர்த்தால் நிறம் ஆழமாவதற்கு இதுவே காரணம்.

இரகசியங்கள் வெளியாதல்

கிரிசாய்டின் விற்பனைக்கு வந்தபோது அதன் தயாரிப்பு முறை வெளியிடப்படவில்லை. அப்போது பெர்லினில் பேராசிரியராக இருந்த ஹாஃப்மன் சந்தைச் சரக்கை ஆராய்ந்து, அதன் அமைப்பையும் தயாரிக்கும் வழியையும் 1877-இன் தொடக்கத்தில் வெளியிட்டார். விட் இதைக் கடுமையாக எதிர்த்தார். பல ஆண்டு உழைப்பால் ஓர் ஆலை பெற்ற அறிவு, ஒரே கட்டுரையால் போட்டியாளர் அனைவருக்கும் பொதுவாயிற்று.

பிரான்சிலும் இதுவே நடந்தது. பாரிசில் இராணுவ மருந்தியலாளராக இருந்த சக்காரி ருசேன், செயின்ட் டெனிசிலிருந்த புவாரியே நிறுவனத்துக்காக 1876-இல் பல செம்மஞ்சள் சாயங்களை உருவாக்கினார். அவற்றுள் புகழ்பெற்றது ஆரஞ்சு இரண்டு. சல்பனிலிக் அமிலத்திலிருந்து டையசோ சேர்மத்தைத் தயாரித்து, பீட்டா நாப்தாலுடன் இணைத்து இது பெறப்படுகிறது. இவர்கள் காப்புரிமையைவிட இரகசியத்தையே பெரிதும் நம்பினர். இச்சாயத்தின் அமைப்பையும் ஹாஃப்மன் 1877-இல் வெளியிட்டார்.

அசோ சாயங்களின் இரகசியத்தைக் காப்பது ஏன் கடினமாயிற்று என்பதை வேதியியல் விளக்குகிறது. அசோ சாயத்தை வெள்ளீயமும் ஐதரோகுளோரிக் அமிலமும் கொண்டு ஒடுக்கினால், நிறம் மறைந்து, மூலக்கூறு இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கிறது. கிடைக்கும் இரண்டு அமீன்களையும் அடையாளம் கண்டால், எந்த அமீனை எந்தச் சேர்மத்துடன் இணைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். ஆரஞ்சு இரண்டு இவ்வாறு சல்பனிலிக் அமிலமாகவும் அமினோ நாப்தாலாகவும் பிரிகிறது. சாயத்தை வாங்கிய எவரும் பயிற்சி பெற்ற வேதியியலாளர் ஒருவர் துணையுடன் அதன் செய்முறையை அறிய முடிந்தது.

ஹாஃப்மனின் கட்டுரைகளுக்குப் பின் அசோ சாயத் தயாரிப்பு விரைவாகப் பரவியது. அமீன்களின் பட்டியல் ஒன்றும் இணைப்புச் சேர்மங்களின் பட்டியல் ஒன்றும் இருந்தால் போதும். இரண்டிலும் நூறு பெயர்கள் இருந்தால் பத்தாயிரம் இணைகள் கிடைக்கும். பெரிய ஆலைகள் வேதியியலாளர்களை அமர்த்தி இவ்விணைகளை ஒழுங்குமுறையாகச் சோதித்தன. தொழிற்சாலை ஆய்வகம் என்னும் அமைப்பு ஜெர்மனியில் வேரூன்ற இது ஒரு முக்கியக் காரணமாயிற்று.

இக்காலத்தில் பிறந்த மற்றொரு சாயம் மெத்தில் ஆரஞ்சு. துணிச் சாயமாக இது நிலைக்கவில்லை. அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் மஞ்சளாகவும் மாறும் இயல்பால், 1878-இல் கியோர்க் லுங்கே இதைத் தரம் பார்த்தலில் நிறங்காட்டியாக அறிமுகப்படுத்தினார். இன்றும் பள்ளி ஆய்வகங்களில் மாணவர்கள் பயன்படுத்தும் மெத்தில் ஆரஞ்சு இதுவே.

சல்போனிக் தொகுதியும் புதிய சிவப்புகளும்

தொடக்ககால அசோ சாயங்கள் பல நீரில் நன்கு கரையவில்லை. மூலக்கூறில் சல்போனிக் அமிலத் தொகுதியைச் சேர்த்ததும் இக்குறை நீங்கியது. இத்தகைய சாயங்களின் சோடியம் உப்புகள் நீரில் எளிதில் கரைகின்றன. அமிலச் சாயத்தொட்டியில் கம்பளி, பட்டு ஆகியவற்றின் புரதம் நேர்மின்னேற்றம் பெறுகிறது. எதிர்மின்னேற்றமுள்ள சாய அயனிகள் அதனுடன் பிணைகின்றன. இவை அமிலச் சாயங்கள் எனப்பட்டன.

1877-இல் காரோ, நாப்தியோனிக் அமிலத்தையும் பீட்டா நாப்தாலையும் இணைத்து ஃபாஸ்ட் ரெட் என்னும் சிவப்பைப் பெற்றார். 1878-இல் ஹோகஸ்ட் நிறுவனத்தின் ஹைன்ரிச் பாவும், பீட்டா நாப்தாலின் டைசல்போனிக் அமிலங்களைக் கொண்டு பொன்சோ வகைச் சிவப்புகளை உருவாக்கினார். 1879-இல் ருடால்ஃப் நீட்ஸ்கி இரண்டு அசோ தொகுதிகள் கொண்ட பீப்ரிச் ஸ்கார்லெட்டைக் கண்டறிந்தார். கம்பளிக்குச் சிவப்பூட்ட இவை கொச்சினீலைவிட மலிவானவை. கேனரித் தீவுகளின் கொச்சினீல் வாணிகம் செயற்கைச் சாயங்களின் போட்டியால் வீழ்ந்தது. பூச்சி வளர்ப்பை நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

காங்கோ சிவப்பும் காப்புரிமை வழக்கும்

பருத்தியின் செல்லுலோசில் புரதத்தைப் போன்ற மின்னேற்றம் பெறும் தொகுதிகள் இல்லை. எனவே கம்பளியில் ஏறும் அமிலச் சாயங்கள் பருத்தியில் நிலைப்பதில்லை. படிகாரம், டானின் முதலிய நிறமூன்றிகளைக் கொண்டு துணியை முதலில் பதப்படுத்த வேண்டியிருந்தது. இது நேரமும் செலவும் பிடிக்கும் வேலை.

முன்னர் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய பவுல் போட்டிகர், பென்சிடினின் இரு முனைகளிலும் டையசோ ஆக்கல் நிகழ்த்தி, இரண்டு நாப்தியோனிக் அமில மூலக்கூறுகளுடன் இணைத்தார். கிடைத்த சிவப்புச் சாயம் நிறமூன்றி இல்லாமலே வெந்நீர்த் தொட்டியிலிருந்து பருத்தியில் ஏறியது. 1884 பிப்ரவரியில் அவர் தம் பெயரில் பெற்ற காப்புரிமையை ஆக்ஃபா நிறுவனம் வாங்கியது. ஆப்பிரிக்கா குறித்து ஐரோப்பிய நாடுகள் கூடிய பெர்லின் மாநாடு 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை நடந்தது. காங்கோ என்ற சொல் செய்தித்தாள்களில் நாள்தோறும் அடிபட்ட காலம் அது. விற்பனைக்காகச் சாயத்துக்கும் அப்பெயர் சூட்டப்பட்டது. காங்கோ நாட்டுக்கும் இச்சாயத்துக்கும் வேறு எந்தத் தொடர்பும் இல்லை.

நீண்டு தட்டையாக உள்ள காங்கோ சிவப்பு மூலக்கூறு, செல்லுலோசுச் சங்கிலியின் மீது இணையாகப் படிந்து, ஐதரசன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த விசைகளால் நிலைக்கிறது. அமிலம் பட்டால் நீலமாக மாறுவது இதன் குறை. ஆயினும் சாயமிடும் வேலையை இது மிகவும் எளிதாக்கியதால் விற்பனை பெருகியது. பேயரின் கார்ல் டூயிஸ்பெர்க் உள்ளிட்டோர் இதைப் பின்பற்றிப் பென்சோபர்புரின் முதலிய நேரடிச் சாயங்களை உருவாக்கினர்.

இதையொட்டி ஒரு முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தது. 1877-இன் ஜெர்மன் காப்புரிமைச் சட்டம் வேதிப்பொருளுக்கு அன்று, அதைத் தயாரிக்கும் முறைக்கே உரிமை அளித்தது. அசோ சாயங்கள் அனைத்துக்கும் முறை ஒன்றே. டையசோ ஆக்கலும் இணைப்பும் அனைவரும் அறிந்தவை. அவ்வாறாயின், புதிய இரு பொருள்களை இணைப்பது கண்டுபிடிப்பாகுமா? காங்கோ சிவப்பு வழக்கில் ஈவர், பிக் என்ற பெர்லின் நிறுவனம் இக்கேள்வியை எழுப்பியது. 1889-இல் பேரரசு நீதிமன்றம் காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பளித்தது. முறை புதியதாக இல்லாவிட்டாலும், எதிர்பாராத பயனுள்ள தொழில்நுட்ப விளைவு கிடைத்தால் அது கண்டுபிடிப்பே என்பது தீர்ப்பின் சாரம். எளிதில் பிளந்து அறியக்கூடிய சாயத்தை இரகசியத்தால் காக்க முடியாது. சட்டம் அதைக் காத்தது. பெரும் ஆய்வகங்களில் முதலீடு செய்த நிறுவனங்களுக்கு இத்தீர்ப்பு பெரும் துணையாயிற்று.

இழையிலேயே உருவாகும் சாயம்

பருத்திக்கு வேறொரு வழியும் கண்டறியப்பட்டது. 1880-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த ஹாலிடே நிறுவனத்தார், துணியை முதலில் பீட்டா நாப்தால் கரைசலில் நனைத்து, பின் குளிர்ந்த டையசோ கரைசலில் தோய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். நீரில் கரையாத சாயம் இழைக்குள்ளேயே உருவாகிச் சிக்கிக்கொள்வதால் துவைத்தாலும் எளிதில் போகாது. தொட்டியில் பனிக்கட்டி இட வேண்டியிருந்ததால் இவை பனிக்கட்டிச் சாயங்கள் எனப்பட்டன. பாரா நைட்ரோ அனிலீனிலிருந்து பெறப்படும் பாரா சிவப்பு இவ்வகையில் பரவலாகப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நாப்தால் ஏ.எஸ். வகைச் சேர்மங்கள் இம்முறையை மேம்படுத்தின. தமிழகம் உள்ளிட்ட இந்தியக் கைத்தறிப் பகுதிகளின் சாயப்பட்டறைகள் அறிந்த நாப்தால் சாயம் இவ்வழியில் வந்ததே.

சாயத்திலிருந்து மருந்து

சில சாயங்கள் நுண்ணுயிரிகளில் மட்டும் படிவதைக் கண்ட பவுல் எர்லிக், சாயங்களையே மருந்தாக்க முயன்றார். அவ்வழியைப் பின்பற்றி, பேயர் ஆய்வகத்தில் யோசஃப் கிளாரர், ஃபிரிட்ஸ் மீட்ஷ் ஆகியோர் தயாரித்த அசோ சாயங்களைக் கெர்ஹார்ட் டோமாக் எலிகளில் சோதித்தார். 1932-இல் புரோன்டோசில் என்னும் சிவப்புச் சாயம் ஸ்டிரெப்டோகாக்கஸ் தொற்றிலிருந்து எலிகளைக் காத்தது. 1935-இல் இம்முடிவு வெளியிடப்பட்டது.

ஆனால் இச்சாயம் சோதனைக் குழாயில் நுண்ணுயிரிகளைக் கொல்லவில்லை. அதே 1935-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டறிந்தனர். உடலுக்குள் அசோ பிணைப்பு பிளந்து சல்பனிலமைடு வெளிப்படுகிறது. நோயைத் தீர்ப்பது அந்த நிறமற்ற பொருளே. சல்பனிலமைடு 1908-இலேயே தயாரிக்கப்பட்டிருந்ததால் அதற்குக் காப்புரிமைத் தடை இல்லை. சல்ஃபா மருந்துகள் உலகெங்கும் மலிவாகப் பரவின. டோமாக்கிற்கு 1939-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தொழிலாளர் உடல்நலம்

இத்தொழிலின் மறுபக்கம் மெதுவாகவே தெரியவந்தது. 1895-இல் பிராங்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் சாயத் தயாரிப்பில் ஈடுபட்ட 45 தொழிலாளர்களுள் மூவருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி இருந்ததை அறிவித்தார். ஃபுக்சின் அசோ சாயம் அன்று. ஆயினும் இவ்வறிக்கை அரோமாட்டிக் அமீன்கள் மீது கவனத்தைத் திருப்பியது. 1921-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அனிலீன் ஆலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்து அறிக்கை வெளியிட்டு, பென்சிடின், பீட்டா நாப்தைல் அமீன் ஆகியவற்றின் ஆபத்தைச் சுட்டியது. காங்கோ சிவப்பு முதலிய நேரடிச் சாயங்களின் மூலப்பொருளே பென்சிடின். பீட்டா நாப்தைல் அமீனும் அசோ சாயங்களுக்கு முக்கிய இடைப்பொருள்.

எச்சரிக்கைக்குப் பின்னும் உற்பத்தி பல ஆண்டுகள் தொடர்ந்தது. இப்பொருள்களைக் கையாண்டவர்களுக்கு நோய் உடனே தோன்றுவதில்லை. பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதற்குள் பலர் வேலையை விட்டுச் சென்றிருப்பார்கள். 1954-இல் ராபர்ட் கேசும் அவருடன் ஆய்ந்தோரும் பிரிட்டிஷ் சாயத் தொழிலாளர் பதிவுகளை ஆராய்ந்து, இவ்விரு பொருள்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையால் நிறுவினர். பிரிட்டனில் 1967-இன் விதிகள் இவற்றின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் தடுத்தன.

ஆலைக்கு வெளியேயும் ஐயம் எழுந்தது. வெண்ணெய் மஞ்சள் எனப்பட்ட டைமெத்தில் அமினோ அசோபென்சீன், எலிகளின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்குவதை 1930-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். பென்சிடின் சாயங்களைப் பொறுத்தவரை, குடலிலுள்ள நுண்ணுயிரிகளும் கல்லீரல் நொதிகளும் அசோ பிணைப்பைப் பிளந்து பென்சிடினையே மீண்டும் வெளியிடுகின்றன. புரோன்டோசிலை மருந்தாக்கிய அதே வினை இங்கே நஞ்சைத் தருகிறது.

எல்லா அசோ சாயங்களும் தீங்கானவை அல்ல. பிளவில் என்ன அமீன் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே ஆபத்து அமைகிறது. 1884-இல் கண்டறியப்பட்டு இன்றும் உணவில் அனுமதிக்கப்படும் டார்ட்ரசின் பிளந்தால், சல்போனிக் தொகுதி கொண்ட, உடலில் அதிகம் உறிஞ்சப்படாத பொருள்களே கிடைக்கின்றன.

இக்கருத்தே பிற்காலத் தடைகளுக்கு அடிப்படை. தீங்கு தரும் அமீன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களை உடலில் படும் பொருள்களில் பயன்படுத்த ஜெர்மனி 1994-இல் தடை விதித்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் 22 அமீன்களைப் பட்டியலிட்டு, ஒரு கிலோ பொருளில் 30 மில்லிகிராம் என்ற வரம்பை வகுத்தது. இந்தியாவும் 1990-களில் இத்தகைய சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் திருப்பூர், கரூர் போன்ற ஊர்களின் துணிகளுக்கும் இவ்வரம்பு பொருந்தும். இதற்கான சோதனையில் சாயத்தை வேதிமுறையில் ஒடுக்கிப் பிளந்து, கிடைக்கும் அமீன்களை அடையாளம் காண்கின்றனர். கருவிகள் நவீனமானவை, வினை, சாயங்களின் அமைப்பை அறியப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் பயன்படுத்தியதே.